மாடி அறையைப் பூட்டுவதற்கு முன்: எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த மடலின் அடியில் என் பெயர் இருக்காது. அதற்காக இதை மொட்டைக் கடிதம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். மொட்டைக் கடிதம் எழுதுகிறவன் அடுத்தவரைப் பற்றி எழுதிவிட்டுத் தன்னை மறைத்துக்கொள்வான். நான் என்னைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பாதி படிப்பதற்குள் நான் யார் என்று உங்களில் பலருக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் தெரியட்டும். ஞாயிறு மாலை சங்கக் கட்டடத்தின் மாடி அறையில், குடியை விட விரும்புகிறவர்கள் கூடும் குழுவில், பத்திரிகையிலும் பொது அரங்கிலும் உறுப்பினர் தன் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று ஒரு மரபு உண்டு. அதைக் காப்பாற்றுகிறேன், அவ்வளவுதான். குழுவின் சார்பாகவும் நான் எழுதவில்லை. அங்கே யாரும் யாருக்கும் பிரதிநிதி இல்லை.

சென்ற வாரம் அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டிய தீர்மானத்தைப் படித்தேன். மாடி அறையை இம்மாத இறுதிக்குள் காலி செய்ய வேண்டும். அதுவரை கூட்டம் நடத்துவதென்றால், வருகிறவர்களின் பெயர், முகவரி, ஆதார் நகல் ஆகியவற்றைச் செயலாளரிடம் ஒப்படைக்க வேண்டும். வாசல் கேட்டில் தொங்கும் தகரப் பலகையை உடனே எடுத்துவிட வேண்டும். காரணம், “குடிகாரர்கள் கூடுவதால் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இடையூறு.”

குடிகாரர்கள் கூடுகிற இடம் வேறு, ஐயா. அது பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. அங்கே யாரும் ஆதார் கேட்பதில்லை. மாடி அறையில் கூடுகிறவர்கள் அங்கே போகாமல் இருப்பதற்காக இங்கே வருகிறவர்கள்.

2017 உங்களுக்கு நினைவிருக்கும். நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் மார்ச் 31 வரை கெடு கொடுத்தது. பிரதான சாலையில் இருந்த கடை ஏப்ரலில் நம் மூன்றாவது குறுக்குத் தெருவுக்குக் குடிவந்தது. (இந்தச் சொல்லைத் தவிர்க்கப் பார்த்தேன், முடியவில்லை. உங்கள் சங்கத்தின் பெயரிலேயே ‘குடி’ இருக்கிறது.) பெண்கள் கடை வாசலில் உட்கார்ந்தார்கள், அங்கேயே அடுப்பு மூட்டிச் சோறு பொங்கினார்கள். பதினோராம் நாள் கடை போனது. அத்தனை நாளும் எதிரே வேப்பமரத்தடியில் நின்று வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நானும் ஒருவன். இவர்கள் எப்போது கலைவார்கள், ஷட்டரை எப்போது தூக்குவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி உங்களோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

கடை போனது நல்லது. என் குடி போகவில்லை. ஒன்றரை கிலோமீட்டர் கூடுதலாக நடந்தேன்.

நிறுத்த முயலவில்லை என்று நினைக்க வேண்டாம். சபரிமலைக்கு ஐந்து முறை மாலை போட்டேன். 48 நாளும் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. மாலையைக் கழற்றிய அன்று மாலையே கடைக்குப் போனேன். குலதெய்வக் கோயிலில் கயிறு கட்டினார்கள். கயிறு நைந்து விழும்வரைகூடப் பொறுக்கவில்லை. மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்ததை எழுதவே கூசுகிறது. சுவரொட்டியைப் பார்த்து, “அவருக்குத் தெரியாமலேயே சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்” என்ற ஒரு பொடியை மனைவி வாங்கிப் புளிக்குழம்பில் கலந்தாள். இரண்டு நாள் வாந்தி. அதன் பிறகு நான் வெறுத்தது புளிக்குழம்பைத்தான்.

இத்தனையும் தெரிந்த எங்களுக்கு, எங்கே போவது என்பது மட்டும் தெரியவில்லை. கடை எங்கே என்று கேட்டால் ஐந்து வயதுப் பிள்ளையும் வழி சொல்லும். குடியை விட எங்கே போவது என்று கேட்டால், குடும்ப டாக்டர்கூட “மனசு வைத்தால் முடியும்” என்றுதான் சொன்னார். மனசு எந்த வீதியில் இருக்கிறது?

2019 பிப்ரவரியில், யாரையும் கேட்காமல், ஒரே நாளில் நிறுத்தினேன். அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அப்போது தெரியாது. மறுநாள் காலை வலிப்பு வந்து குளியலறையில் விழுந்தேன். அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் இரவு வார்டுச் சுவரெல்லாம் எறும்பு ஊர்ந்தது. விடிய விடியத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தேன். “அப்பா, அங்கே ஒன்றுமே இல்லையே” என்று மகள் அழுதது மட்டும் காதில் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு திடீரென்று மது கிடைக்காமல் போனால் இப்படித்தான் குலுங்கும். இதில் உயிரை விட்டவர்களும் உண்டு. ஆகவே தினமும் குடிக்கிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மாடி அறை மருத்துவமனைக்கு மாற்று அல்ல. உடம்பிலிருந்து மதுவை மருத்துவமனை இறக்கிவிடும். இறங்கி, வீட்டுக்கு வந்து, மறுநாள் மாலை ஆறு மணி ஆகும்போது என்ன செய்வது? அந்த ஆறு மணிக்கு மருந்துச் சீட்டில் மாத்திரை கிடையாது.

வீட்டுக்கு அனுப்பும்போது, இரவுப் பணியில் இருந்த ஆண் செவிலியர் என் ஓ.பி. சீட்டின் பின்புறத்தில் நீல மையில் மூன்று வரி எழுதிக் கொடுத்தார். ஞாயிறு. 6.30. அதன் கீழே நம் சங்கக் கட்டடத்தின் முகவரி. என் வீட்டிலிருந்து நாற்பது வீடு தள்ளி! அந்தத் தகரப் பலகையை ஆயிரம் முறை கடந்திருப்பேன். ‘ஏ.ஏ.’ என்றால் யாரோ ஆடிட்டர் என்று நினைத்திருந்தேன்.

சீட்டு கையில் இருந்தும் உடனே போய்விடவில்லை. முதல் ஞாயிறு கேட் வரை போனேன். மருந்துக்கடைக்காரர் எதிரே வந்தார். கட்டடத்தைப் பார்க்க வந்தவன் போலத் திரும்பிவிட்டேன். இரண்டாவது ஞாயிறு படியில் ஏறி ஐந்தாம் படியில் நின்றேன். மேலே யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று இறங்கிவிட்டேன். மூன்றாவது ஞாயிறு மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க வேறு இடம் இல்லை. என்னை மேலே ஏற்றியது மழைதான், மன உறுதி இல்லை.

உள்ளே ஒன்பது பேர். உங்கள் பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் கேரம் போர்டு, சுவரில் பழைய யோகா வகுப்பு அட்டவணை. ஒரு பெரியவர் பிளாஸ்கிலிருந்து சுக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் டம்ளர் நிறைய. எனக்கு மட்டும் அரை டம்ளர். ஓரவஞ்சனை என்றுதான் முதலில் தோன்றியது. வாங்கிய பிறகு புரிந்தது. அந்நாளில் என் கை நடுக்கத்துக்கு நிறைந்த டம்ளர் சட்டை வரை தளும்பும். வீட்டில் டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, குனிந்து வாயை அதனிடம் கொண்டுபோய்க் குடிப்பேன். திருச்சி பக்கம் துவாக்குடியில் லேத் பட்டறை வேலை எனக்கு. அளவு பார்க்கும் வெர்னியர் கருவியைப் பிடிக்க முடியாத கை வீட்டுக்குத்தான் போக வேண்டும். அந்தப் பெரியவர் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அரை டம்ளர் ஊற்றினார். அதை நான் சிந்தாமல் குடித்தேன்.

அங்கே என்னதான் நடக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். ஒருவர் குழுவின் நோக்கத்தை வாசிப்பார். பிறகு ஒவ்வொருவராக, “நான் ஒரு குடிநோயாளி” என்று சொல்லித் தன் கதையைச் சொல்வார்கள். குறுக்கே பேசக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. நம் ஊரில் ஒரு மனிதன் பேசும்போது ஐந்து நிமிடம் யாரும் புத்தி சொல்லாமல் கேட்கிற இடம் வேறு எனக்குத் தெரியாது. பேச விருப்பம் இல்லாதவர் சும்மா உட்கார்ந்திருக்கலாம். கடைசியில் ஒரு துணிப்பை சுற்றி வரும். பத்தோ இருபதோ போடலாம், போடாமலும் இருக்கலாம். அறை வாடகையும் காபித்தூளும் அதில்தான். வெளியார் பணம் வாங்குவதில்லை. ஒரு கட்சிப் பிரமுகர் புது நாற்காலிகள் வாங்கித் தருகிறேன் என்றபோது, கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றோம். 2023-24 நிதியாண்டில் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். சென்ற மாதம் எங்கள் துணிப்பையின் வருவாய் 1,340 ரூபாய். இரண்டும் இதே மாநிலத்தின் கணக்குதான்.

இது நாங்கள் கண்டுபிடித்த வழி அல்ல. 1935 மே மாதம், அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரத்து ஓட்டல் ஒன்றில் பில் வில்சன் என்ற பங்குத் தரகர் நின்றுகொண்டிருந்தார். குடியை விட்டு ஐந்து மாதம். வந்த வியாபாரம் படுத்துவிட்டது. ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம், மறுபக்கம் தொலைபேசி. அவர் தேவாலயங்களுக்குப் போன் போட்டு, இந்த ஊரில் குடியில் தவிக்கிற வேறு யாராவது இருக்கிறார்களா, அவரோடு நான் பேச வேண்டும் என்று கேட்டார். உதவி செய்வதற்காக அல்ல, தான் குடிக்காமல் இருப்பதற்காக. இப்படித் தேடிக் கிடைத்தவர் பாப் ஸ்மித், அறுவைச் சிகிச்சை மருத்துவர். கால் மணி நேரம் தருகிறேன் என்று வந்தவர் இரவு வரை எழுந்திருக்கவில்லை. ஸ்மித் கடைசியாகக் குடித்தது 1935 ஜூன் 10. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது பலகையில் இருக்கும் அந்த ‘ஏ.ஏ.’, பிறந்த நாளாக அதைத்தான் கொண்டாடுகிறார்கள். இந்தியாவுக்கு அது 1957-இல் வந்தது. நம் மாடிக்கு எப்போது வந்தது என்று பொருளாளரின் ரசீதுப் புத்தகத்தில் இருக்கும்.

இரண்டு குடிநோயாளிகள் உட்கார்ந்து பேசினால் குடி நிற்குமா என்று தலைவர் கேட்டதாகச் சொன்னார்கள். நியாயமான கேள்வி. 2020-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு 27 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. பங்கேற்றவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். ஏ.ஏ. வழிக்கு முறையாக ஆற்றுப்படுத்தப்பட்டவர்களில், ஓராண்டு முடிவில் குடிக்காமல் இருந்தவர்கள் 100-க்கு 42 பேர். மற்ற சிகிச்சை முறைகளில் 35 பேர். அதாவது, எங்கள் பக்கத்திலும் பாதிக்கு மேல் தவறுகிறார்கள். நானும் தவறினேன். பதினோராவது வாரம், அக்கா மகன் கல்யாணத்தில். நான்கு நாள் விடாமல் குடித்தேன். ஐந்தாம் நாள் ஞாயிறு. முகத்தைக் கழுவிக்கொண்டு படி ஏறினேன். ஏன் குடித்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரியவர் கையைப் பார்த்துவிட்டு அரை டம்ளர் ஊற்றினார். அது 2019 மே. அதன் பிறகு இன்றுவரை இல்லை.

இப்போது ஆதார் விஷயம். மற்ற எதில் வேண்டுமானாலும் உங்களோடு உட்கார்ந்து பேசத் தயார். இதில் முடியாது. அந்தக் குழுவில் சேரக் கட்டணமோ விண்ணப்பமோ உறுப்பினர் பட்டியலோ கிடையாது. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. இல்லாத பட்டியலை எப்படிக் கொடுப்பது? புதிதாக எழுதிக் கொடுத்தால், அடுத்த ஞாயிறு அறையில் நான் ஒருவன்தான் இருப்பேன். மேலே வருகிறவர்களில் பெண் பார்க்கும் வயதில் மகன் இருப்பவர் உண்டு. அரசு வேலையில் இருப்பவர் உண்டு. ஒரு பெண்ணும் வருகிறார். அவர் இந்த ஊரில் குடித்தது வெளியே தெரிந்தால் அவருக்கு என்ன நேரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. மருந்துக்கடைக்காரரைப் பார்த்ததற்கே திரும்பிப் போனவன் நான். வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்திருந்தால், மழையே பெய்திருந்தாலும் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போயிருப்பேன்.

உங்கள் குறைகளில் உண்மை இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். சித்திரை மாதம் ஒரு ஞாயிறு, குடித்துவிட்டு வந்த ஒருவர் கேட் அருகே வாந்தி எடுத்து, அங்கேயே சுருண்டு படுத்தார். கோலப் போட்டிக்கு வந்த பிள்ளைகள் பார்த்தார்கள். தவறுதான். நாங்கள் இருவர் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினோம், ஆட்டோவில் ஏற்றி அவரை வீட்டில் விட்டோம். ஆனால் பிள்ளைகள் பார்த்ததைக் கழுவ முடியாது. இரண்டாவது, வண்டிகள். எதிர்வீட்டு அம்மா வெளியே போக முடியாமல் அரை மணி நேரம் நின்றிருக்கிறார். அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். இனி வண்டிகள் ரேஷன் கடைப் பக்கம் நிற்கும். கூட்டம் முடியும்வரை கேட்டில் ஒருவர் இருப்பார். எட்டு மணிக்கு விளக்கு அணையும்.

வேறெங்காவது நடத்திக்கொள்ளுங்கள் என்கிறீர்கள். இதற்கு அடுத்த கூட்டம் பதினொரு கிலோமீட்டர் தள்ளி, இரண்டு பஸ். சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி மாற வேண்டும். மாலை ஐந்தரை மணிக்கு, கையில் பணத்தோடு, உடம்பெல்லாம் நமைச்சலோடு ஒருவன் அங்கே இறங்கினால் அடுத்த பஸ்ஸைத்தான் பிடிப்பான் என்று உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா? எனக்கு இல்லை, நான் அவனாக இருந்திருக்கிறேன். மாநகராட்சி எல்லைக்குள் பள்ளியிலிருந்தும் கோயிலிலிருந்தும் 50 மீட்டர் தள்ளி மதுக்கடை வைக்கலாம் என்கிறது விதி. குடிக்காமல் இருக்கக் கூடுகிறவர்களை நீங்கள் பதினொரு கிலோமீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறீர்கள்.

2020 ஊரடங்கில் இந்த அறை பூட்டிக் கிடந்தது. நாங்கள் போனில் கூடினோம். கடைகள் மூடியிருந்த வரை அது போதுமாக இருந்தது. மே 7-ஆம் தேதி கடை திறந்த அன்று, வரிசை நம் தண்ணீர்த் தொட்டி வரை நின்றது. அன்று மாலை போனில் ஏழு பேர்தான். மற்ற இருவர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. ஒருவர் பிறகு திரும்பி வந்தார்.

கடைசியாக அந்தத் தகரப் பலகை. ஒரு முழ நீளம்கூட இல்லை. பெயிண்ட் உரிந்து, ‘மாடிப்படி வழியாக’ என்பதில் ‘மாடி’ அழிந்துவிட்டது. மூன்றில் அதுதான் சின்ன விஷயம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். எனக்கு அதுதான் பெரிது. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் எடுத்து 2019-இல் வெளியான கணக்கெடுப்பில், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஓர் உதவி கிடைத்ததாகச் சொல்லியிருக்கிறார். மீதி 37 பேரும் உதவியை வேண்டாம் என்று சொன்னவர்கள் அல்ல. நிறையப் பேர் பலகையை ஆடிட்டர் என்று நினைத்துக் கடந்துபோனவர்கள். வாந்தி எடுத்த அந்த மனிதரும் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் உள்ளே வந்தார். பிறகு வரவில்லை. வருவதாக இருந்தால், அவருக்குத் தெரிந்த ஒரே அடையாளம் அதுதான்.

பலகையைப் புதிதாக எழுத அனுமதி கேட்கிறேன். ‘ஏ.ஏ.’ என்பதன் கீழே, “குடியை விட விரும்புகிறவர்களுக்கு” என்று தமிழில் ஒரு வரி. அதற்கும் கீழே 14446, போதை மீட்புக்கான தேசியக் கட்டணமில்லாத் தொலைபேசி எண். வீட்டில் தவிக்கிற பெண்கள் அழைத்தாலும் பேசுவார்கள். என் மனைவிக்கு அந்நாளில் சுவரொட்டி எண் மட்டுமே கிடைத்தது. செலவு எங்கள் துணிப்பையிலிருந்து.

மாதத்தின் கடைசி ஞாயிறு திறந்த கூட்டம். அன்று குடிக்காதவர்களும் வந்து உட்காரலாம். தலைவர், செயலாளர், எதிர்வீட்டு அம்மா, யார் வேண்டுமானாலும். ஒன்றும் பேச வேண்டாம். பெரியவருக்கு இப்போது முழங்கால் வலி. இரண்டு ஆண்டாகப் பிளாஸ்க் என் கையில் இருக்கிறது. உங்களுக்கு டம்ளர் நிறையவே ஊற்றுவேன்.

இம்மாத வாடகை 600 ரூபாயைக் கொடுக்க வந்தபோது, தீர்மானம் நிலுவையில் இருப்பதால் வாங்க இயலாது என்று பொருளாளர் சொன்னார். அவர் மீது வருத்தம் இல்லை. பணம் உறையில் இருக்கிறது. சனிக்கிழமை காலை மறுபடியும் வருகிறேன். ரசீது போடும்போது, பெயர் எழுதும் இடத்தில் வழக்கம்போல ‘ஞாயிறு குழு’ என்று எழுதினால் போதும்.

இப்படிக்கு,
மாடி அறைக்கு வரும் ஒருவன்